இடப்பக்கத்து நாற்காலி

ஸ்டாப்வாட்சை மேஜைமேல் வைக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் குழந்தைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறிவுத்திறன் சோதனையில் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூவரில் ஒருவர்கூட அந்தச் சோதனைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை என்று கேள்விகளிலிருந்தே தெரிகிறது. அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

மருத்துவ உளவியல் மேற்படிப்பு இரண்டு வருடம். பாடம் கொஞ்சம், வார்டு அதிகம். இறுதித் தேர்வு எழுத வேண்டுமென்றால் பதிவேட்டில் பத்துச் சோதனை அறிக்கைகள் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றாவது அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தையுடையதாக இருந்தே ஆக வேண்டும். என்னிடம் ஒன்பது இருந்தன. இல்லாதது அந்த ஒன்றுதான்.

அப்படிக் குழந்தைகள் வந்தபோதெல்லாம் பேராசிரியர் என் வகுப்புத் தோழியிடமே அனுப்பினார். நாங்கள் அவளை ஜால்ரா என்று கூப்பிடுவோம். நாங்கள் என்றால் நான். அவளிடம் மூன்று இருந்தன. ஒன்றை எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டேன்.

“கேஸ் என்ன பேனாவா, இரவல் தர?” என்றாள்.

பேராசிரியரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “வெள்ளிக்கிழமை பதிவேட்டை மூடறேன். கிடைக்கலேன்னா அடுத்த வருஷம் எழுதும்மா. உலகம் ஒண்ணும் முழுகிடாது.”

அது திங்கட்கிழமை. புதன்கிழமை அந்தப் பெண்குழந்தை வந்தாள்.

எட்டு வயது. பாடம் ஏறவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தி மட்டமா என்று பார்த்துச் சொல்லுங்கள் எனத் தலைமையாசிரியை கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள்.

“வீட்ல வாய் ஓயாதுங்க மேடம். கதை சொன்னா ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்லுவா. ஸ்கூலுக்குப் போனாதான் ஊமையாயிடறா.”

சோதனை என்பது அறைக்குள் தொடங்குவதில்லை, வெளியே காத்திருக்கும் பெஞ்சிலேயே தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு முதலில் கற்றுத்தருவதே அதைத்தான். கதவிடுக்கில் நின்று கால்மணி நேரம் பார்த்தேன். அட்டெண்டர் இடப்பக்கமிருந்து கூப்பிட்டார், குழந்தை அசையவில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தவள், எழுந்து சுற்றிவந்து வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். இப்படி இரண்டு முறை. ஏன் இடம் மாறுகிறோம் என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. எட்டு வருடம் கூடவே இருந்து அவள் உடம்பு பழகிக்கொண்டது அது. எனக்குக் கால்மணி நேரம் போதுமாக இருந்தது. இதையாவது நீங்கள் பாராட்ட வேண்டும்.

குழந்தைக்கு ஒரு காது கேட்கவில்லை என்று சந்தேகம் வந்தால், சோதனையைத் தள்ளிவைத்துவிட்டுக் காது மருத்துவரிடம் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். காதுப் பிரிவு அடுத்த கட்டடம். நடந்தால் இரண்டு நிமிடம்.

நான் என் நாற்காலியைத் தூக்கி அவளுக்கு இடப்பக்கம் போட்டேன்.

வேறெதுவும் செய்யவில்லை. மின்விசிறியை வேகமாக வைத்தேன், அது வெயில் காலம். மற்றதையெல்லாம் சோதனையே பார்த்துக்கொண்டது. எண்களை நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல வேண்டும். ஒரே தடவைதான், நாம் மறுபடி சொல்லக் கூடாது; குழந்தை கேட்ட வரிசையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று முகத்தில் காட்டக் கூடாது. தொடர்ந்து சில விடைகள் தப்பானால் அந்தப் பகுதியை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் ஒரே தராசில் நிறுப்பதற்கான ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு.

“ஏழு, மூணு, ஒம்பது” என்றேன்.

“ஏழு…” என்றவள் என் வாயைப் பார்க்கத் திரும்பினாள். நான் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“என்னக்கா?”

“உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு.”

“ஒம்பதா?”

சுழியம் போட்டேன்.

கட்டைகளை அடுக்கிக் காட்டும் பகுதிக்குக் காது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். இதுவரை கேட்டதில் உருப்படியான கேள்வி இது ஒன்றுதான். அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளினேன். நாற்பது நிமிடம் தோற்றுக்கொண்டே வந்த குழந்தை கட்டையைக் கையில் எடுக்கும், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடும். அவளும் வைத்துவிட்டாள்.

அறிவுத்திறன் எண் அறுபத்தொன்று வந்தது. நூறு சராசரி, எழுபதுக்குக் கீழே என்றால் வளர்ச்சி குறைவு. வியாழக்கிழமை அம்மாவை வரச்சொல்லி முடிவைச் சொன்னேன்.

“அப்போ கதையெல்லாம் திருப்பிச் சொல்றாளே மேடம்?”

“கிளிகூடத்தான் சொல்லுது” என்றேன்.

பேராசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு, “பரவாயில்லையே, சுத்தமா எழுதியிருக்க” என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரி அறிக்கையாகக் கொடுத்தது என்னுடையதைத்தான். ஜால்ராவுடையதை அல்ல.

பள்ளி அவளை வகுப்பிலிருந்து எடுத்து, வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான தனிப்பள்ளிக்கு அனுப்பியது. இரண்டு வருடம் மணி கோத்தாள், வட்டங்களுக்கு வண்ணம் தீட்டினாள். போன மாதம் காதில் சீழ் வடிந்து காதுப் பிரிவுக்கு வந்திருக்கிறாள். பேச்சுக்கொடுத்துப் பார்த்த மருத்துவர் சந்தேகப்பட்டு, மறுபடி சோதிக்கச் சொல்லி அனுப்பினார். ஜால்ரா இப்போது இங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். நூற்று நான்கு வந்தது. உங்கள் கையிலிருக்கும் புகார் அவள் எழுதியது. அதை எழுதும்போது அவளுக்கு எத்தனை சந்தோஷம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வலது காதும் மங்கத் தொடங்கிவிட்டது, இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் அதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். அது அவருடைய துறை.

நீங்கள் கேட்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆம், அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தேதான் அங்கே உட்கார்ந்தேன். ஆனால் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அவள் செய்தது, சொன்னது எல்லாமே அறிக்கையில் இருக்கிறது. பாதிச் சோதனையில் அவள் என் கையைத் தொட்டாள். தன் வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, “அக்கா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன்” என்றாள். இரண்டாம் பக்கத்தில், நடத்தைக் குறிப்புகள் என்ற தலைப்பின் கீழே பாருங்கள்: ‘சோதனைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை.’

குழந்தை சொன்னதை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் எழுதிவிட முடியாது.