காந்தம் தைத்த சட்டை

தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கக் காந்தத்தைவிட நல்ல பொருள் கிடையாது. அக்காவின் தையல் மேசைக்கு அடியில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆய்வகத்திலிருந்து நான் எடுத்துவந்து கொடுத்ததுதான். அதையும் திருட்டு என்று சேர்த்துக்கொள்வதானால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

புற்றுநோய் ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. தட்டில் இருக்கும் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றி, உடம்புச் சூட்டில் இன்குபேட்டருக்குள் வைத்து, அவை பெருகுவதைப் பார்ப்பேன். அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபிறகு அந்த வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. பகலெல்லாம் நான் ஊட்டி வளர்ப்பதும் வீட்டில் அவளைத் தின்பதும் ஒரே இனம்.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் எனக்குத் தெரியும்.

மருந்துக் கேப்சூல் அவளை உலுக்கிப் போட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் ஓங்கரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே போகவும் முடியாது, நகரவும் முடியாது. அந்த நாட்களில்தான் ஒரு தட்டின் அடியில் காந்தப் பாளம் ஒன்றை வைத்தேன். மின்சாரம் இல்லை, ஓசை இல்லை, சும்மா இருக்கும் காந்தம். அதன்மேல் இருந்த செல்கள் குறைவாகவே பெருகின. காந்தமில்லாத தட்டில் வழக்கம்போல நெருக்கியடித்து நிறைந்தன. மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே.

உள்சட்டையில் காந்தம் வைக்கப் பைகள் வேண்டும் என்றதும் அக்காவே அளவெடுத்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு மேசைப்பக்கம் குனிந்தபோது கத்தரிக்கோல் தாவிவந்து ஒட்டிக்கொண்டது.

"பாருடா, கத்தரிக்கோலுக்குக்கூட என்மேல ஆசை. இத்தனை காந்தம் வெச்சிருக்கியே, உனக்கு ஒரு பொண்ணு ஒட்டுச்சா?"

"மாத்திரைய நிறுத்திட்டு இத மட்டும் பாக்கலாம்க்கா."

"ஆளப் பாரு. அதையும் விடமாட்டேன், இதையும் விடமாட்டேன். எனக்கு உசிரு வேணும்டா."

அவள் எதற்காவது பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது பிழைக்கவைத்தது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே கேப்சூல்களைத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு, அரைத்த சர்க்கரையை நிரப்பி மூடினேன். கையுறை போட்டிருந்தேன். மருந்துத் தூளைக் கண்ட இடத்தில் போடவில்லை. ஆய்வகத்தின் நச்சுக்கழிவுப் பையில்தான் போட்டேன்.

வாந்தி நின்றது. பசி வந்தது. தலையில் பூனைமயிர்போல முடி முளைத்தது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி கண்டுபிடிச்சது" என்று சட்டையைத் தட்டிக் காட்டினாள்.

நானும் நம்பினேன். கேப்சூலுக்குள் சர்க்கரை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தும் அவள் இரண்டாம் முறை சோறு கேட்டபோது காந்தத்துக்குத்தான் நன்றி சொன்னேன்.

எங்கள் தலைமை ஆய்வாளரை மேடம் என்போம். என் தட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"காந்தமில்லாத வெறும் இரும்ப அடியில வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப நீங்க இன்னும் ஒண்ணுமே பாக்கல."

வைத்துப் பார்த்தேன். வெறும் இரும்பின்மேலும் செல்கள் அதே அளவு குறைந்தன. தினமும் பாளத்தை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஆறவிட்டு உள்ளே வைப்பது என் பழக்கம். சில்லிட்ட உலோகத்தின்மேல் உட்கார்ந்த செல்கள் குளிரில் மந்தமாகியிருந்தன. மற்றத் தட்டின் அடியில் நான் எதையும் வைத்திருக்கவில்லை. சுத்தத்தில் எனக்கு எப்போதுமே நல்ல பெயர்.

அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் புது மருந்து டப்பா, பிரிக்காமல் இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் வாந்தி திரும்பியிருக்கும். "உன் காந்தத்துக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டிருப்பாள். அவள் கைகழுவப் போன நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

கட்டி ஈரலுக்குப் பரவியது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்ற வந்த நர்ஸின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் எடுக்காதம்மா. அதுலதான் உசிரோட இருக்கேன்."

பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அந்தச் சட்டை இப்போது உங்களிடம் இருக்கிறது. நான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், மருந்தை எடுத்தது நான்தான், தெரிந்தும் தொடர்ந்தது நான்தான். காந்தம் தோற்றது என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரே ஓர் ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது, ஐயா.