பேரம் பேசாதவள்

எட்டு ரூபாய். ஒரு குழந்தையின் உயிருக்கு நான் சொல்லும் விலை அதுதான். சொல்லும் விலை என்றேன். வாங்கும் விலை என்று சொல்லவில்லை. கடைக்காரனுக்கு இரண்டும் வேறு.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், விவரமாகவே சொல்கிறேன். என் பெயர் கோதண்டபாணி. மயிலாப்பூரில் பாத்திரக்கடை. நாற்பத்தேழாம் வருஷம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பென்சிலின் ஊசி இலவசம் என்று சர்க்கார் சொன்னது. குடும்ப வருமானம் மாதம் முப்பது ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; அதற்கு வட்டாரப் பெரிய மனிதர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அந்தப் பெரிய மனிதன் நான்.

கூலிக்காரனிடம் சம்பளச் சீட்டு ஏது? எல்லோரும் முப்பதுக்குள் என்றுதான் சொல்வார்கள். வருமானத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, பேரத்தைக் காதால் கேட்கலாம். விலையைச் சொன்னதும் அடித்துப் பேசுகிறவன் அன்றாடங்காய்ச்சி. பேசாமல் முடிச்சை அவிழ்க்கிறவனிடம் இன்னொரு முடிச்சு இருக்கும். கல்லாவில் உட்கார்ந்து முப்பது வருஷம் நான் படித்த படிப்பு இது.

ஆகவே வருகிறவர்களிடம் கையெழுத்துக்கு எட்டு ரூபாய் என்பேன். ஒருத்தி, என் பேனாவில் மையா பன்னீரா என்று கேட்டு, எட்டணாவுக்கு இறக்கினாள். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். அவளிடமும் காசு வாங்கவில்லை, யாரிடமும் வாங்கியதில்லை.

ஐப்பசி மழையில் சொர்ணம் வந்தாள். அடையாறு ஆற்றோரக் குடிசை. புருஷன் தங்கவேல் கைரிக்‌ஷா இழுக்கிறவன். தோளில் இரண்டு வயதுப் பெண் ஜெயபாரதி, நிமோனியா ஜுரம், மூச்சு துருத்தி மாதிரி. சொர்ணத்தை எனக்குத் தெரியும். காலணாவைக் குறைக்க அலுமினியச் சட்டியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் என் உயிரை எடுப்பவள்.

எட்டு ரூபாய் என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து எட்டையும் மேஜைமேல் வைத்தாள். ஏன் குறைத்துக் கேட்கவில்லை என்றேன்.

“கொளந்த உசுரு மொதலாளி. அதுக்குப் போயி பேரம் பேசுவாங்களா? பேசினா ஆயுசு கொறஞ்சிப் பூடும்.”

சாமர்த்தியமான பதில் என்று நினைத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விண்ணப்பத்தில், வசதியுள்ளவர், தகுதி இல்லை என்று எழுதினேன். பணம் வைத்ததுதான் குற்றம் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இப்போ பேசறேன் மொதலாளி. நாலு ரூபா. ரெண்டு ரூபா. ஓரணா. இன்னா சொல்லணும்னு நீயே சொல்லிக் குடு, சொல்றேன்.”

முடிந்த வியாபாரத்தை மறுபடி திறப்பது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே ரிக்‌ஷா முதலாளி மெஹபூப் அலி கடைக்கு வந்தார். அந்த எட்டு ரூபாய், தங்கவேல் தன்னிடம் வாங்கிய முன்பணம் என்றார். அதைக் கழிக்க இரண்டு மாதம் பாதிக் கூலிக்கு இழுக்க வேண்டுமாம். ஆக, அவள் ஏழைதான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். குழந்தை அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தது. எழுதியதை அடித்து மாற்ற அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மாற்றவில்லை. மாற்றியிருந்தால் என் தராசு எப்படி நிறுக்கிறது என்று ஆற்றோரம் முழுக்கத் தெரிந்திருக்கும். மறுநாள் முதல் எல்லோரும் பேரத்தைப் பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்கள். அப்புறம் உண்மையான ஏழையை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பிள்ளையைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா? நான் ஊரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவள் வந்து வாசலில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை என்று தோளில் குழந்தை இல்லாததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வட்டாரத்துக்கு அந்த வருஷம் சர்க்கார் ஒதுக்கிய மருந்து, அறுபது பிள்ளைகளுக்கு. நான் கையெழுத்திட்டது பத்தொன்பது. மிச்சம் நாற்பத்தொன்று, ஒரு குப்பி குறையாமல் திருப்பி அனுப்பியாகிவிட்டது.