பதினான்காம் இலக்கப் படத்தில் அக்கா யாரைப் பார்த்தார்

பெயர்: யோசப் ஸ்டெபனி. வயது: பதினாறு. தொழில்: மாணவி, பதினோராம் வகுப்பு. வசிப்பிடம்: ரூஜ், ஸ்காபுரோ, ரொறன்ரோ. வாக்குமூலம் பதியப்பட்ட இடம்: சட்டத்தரணியின் அலுவலகம், ஸ்காபுரோ. பதிந்தவர்: திருமதி துர்க்கா மகேஸ்வரன், சத்தியப் பிரமாண ஆணையாளர். காலம்: 2025 நவம்பர். எதற்காக: குடிவரவு மேன்முறையீட்டு விசாரணையில் சமர்ப்பிப்பதற்காக.

மேற்படி ஸ்டெபனியாகிய நான் இதைத் தமிழில் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் நான் வயது குறைந்தவள் என்பதால் என் தாயார் எமில்டாவும் இதை வாசித்து ஒப்பமிட வேண்டும் என்றார்கள். அம்மா தமிழில்தான் வாசிப்பார். ஆகவே தமிழில் பதிந்து, பின்னர் மொழிபெயர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

என் அக்கா நிலாணியின் கணவர் ஜெனோசன் மன்னாரில் இருக்கிறார். அவரைக் கனடாவுக்கு அழைக்க அக்கா செய்த விண்ணப்பம் இவ்வருடம் ஜூன் மாதம் நிராகரிக்கப்பட்டது. அவர்களுடைய திருமணம் உண்மையானதல்ல என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டிருப்பது விண்ணப்பத்துடன் போன பதினான்காம் இலக்கப் படம். அதில் அக்கா வெள்ளைக் கவுண் அணிந்து, கறுப்புக் கோட் அணிந்த ஒரு மனிதரின் எதிரே நிற்கிறார். அந்த மனிதரின் முதுகு மட்டும் தெரிகிறது. அவர் ஜெனோசன் அத்தான் அல்லர். படம் எடுக்கப்பட்டபோது நான் அந்த இடத்தில் நின்றேன். அதனால் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள்.

அக்கா மார்க்கம் நகரில் ஒரு கலியாணப் பட ஸ்டூடியோவில் தலை அலங்காரமும் முக ஒப்பனையும் செய்கிறார். அதன் உரிமையாளர் தாய்வானைச் சேர்ந்த மிஸ் லின். சனிக்கிழமைகளில் நானும் அக்காவுடன் போவேன். வேலை இல்லாத நேரத்தில் ஸ்டூடியோவின் வான் வண்டிக்குள் இருந்து புத்தகம் வாசிப்பேன். வேலை இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளித் தட்டைப் பிடிப்பேன். மணமகள் தலையில் அணியும் நீண்ட மெல்லிய வலைத்துணியை எங்கள் வீட்டில் நெற் என்று சொல்வோம். அதைக் காற்றில் எறிந்துவிட்டு, அது கீழே இறங்குவதற்குள் படத்துக்கு வெளியே ஓடுவதும் என் வேலை.

இந்த இடத்தில் நான் வாசித்து அறிந்த சிலவற்றைச் சொன்னேன். கண்டதை மட்டும் சொன்னால் போதும் என்றார் திருமதி துர்க்கா. இது இல்லாவிட்டால் கண்டது விளங்காது என்று சொல்லி, ஒரு பந்தியை அனுமதிக்கும்படி கேட்டேன். அவர் அனுமதித்தார். அது வருமாறு. தாய்வான், ஹொங்கொங், சீனா, கொரியா ஆகிய இடங்களில் கலியாணப் படத்தைக் கலியாணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடும் வழக்கம் உண்டு. உடுப்புகள் வாடகைக்கு எடுக்கப்படும். ஒரே நாளில் வெள்ளைக் கவுணிலும், சிவப்புப் பட்டிலும், சாதாரண உடுப்பிலும் நின்று படம் எடுப்பார்கள். அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கி விருந்து மண்டபத்தின் வாசலில் வைப்பார்கள். ஆகவே ஒருவர் வெள்ளைக் கவுணுடன் படத்தில் நின்றால் அன்று அவருக்குக் கலியாணம் நடந்தது என்பதற்கில்லை. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் நடந்தால்தான் படம். அவர்களுக்குப் படம் முதலில் நடக்கிறது.

இனி நான் கண்டது. 2023 ஒக்ரோபர் மாதம் ஒரு சனிக்கிழமை விடிந்த கையோடு யூனியன்வில் குளக்கரைக்குப் போனோம். அன்று படம் எடுக்க வந்தவர்கள் சூ-யுன் என்ற மணமகளும் வெய்-ஹான் என்ற மணமகனும். குளத்தின் மேல் பனிப்புகை படிந்திருந்தது. அக்கரை தெரியவில்லை. வில்லோ மரங்களின் கொப்புகள் பாதி வரைக்கும் தெரிந்தன, அதற்குக் கீழே மரம் இல்லை. வாத்துகள் தண்ணீரில் நீந்துகின்றனவா புகையில் நீந்துகின்றனவா என்று சொல்ல முடியாதிருந்தது. மிஸ் லின் குரலைத் தாழ்த்தி, வெயில் ஏறினால் இது போய்விடும் என்றார். சூ-யுனின் தலையில் முடியைச் சுருட்டப் பூட்டிய சுருள்கள் இன்னும் கழற்றப்படவில்லை. அவற்றைச் சூடு ஆறும்வரை விடவேண்டும் என்று அக்கா சொன்னார்.

அதன் பின்னர் மிஸ் லின் அக்காவை மணமகளின் இடத்தில் நிற்கச் சொன்னார். வெளிச்சம் பார்ப்பதற்கும் நிற்கும் விதத்தை முடிவு செய்வதற்கும் இப்படி ஒருவரை நிறுத்துவது ஸ்டூடியோவில் வழக்கம். வெள்ளைத் துணியில்தான் வெளிச்சம் சரியாகத் தெரியும் என்பதால் வானில் இருந்த மாதிரிக் கவுண் ஒன்றை நெற்றுடன் அக்காவுக்கு அணிவித்தார்கள். அது அக்காவுக்குப் பெரிது. முதுகுப் பக்கம் தச்சனின் கிளிப்புகள் போன்ற பெரிய கிளிப்புகளால் இறுக்கினார்கள். முன்பக்கம்தான் கலியாணம், பின்பக்கம் பட்டறை என்று மிஸ் லின் எப்போதும் சொல்வார். வெய்-ஹான் ஆயத்தமாக இருந்தபடியால் தன் இடத்தில் தானே நின்றார். சூ-யுன் வான் யன்னலைத் திறந்து, நிலாணி உன்னைவிட உயரம், நிமிர்ந்து நில், மானம் போகிறது என்று அவரைப் பகிடி பண்ணினார்.

மிஸ் லின் அக்காவின் உடம்பை வழக்கம்போல ஒழுங்கு செய்தார். நாடியைச் சற்று நீட்டச் சொன்னார். கையை, முட்டை ஒன்றை உடையாமல் பிடித்திருப்பதுபோல வைக்கச் சொன்னார். வெய்-ஹானின் கை அக்காவின் இடுப்பைத் தொடாமல், தொடுவதுபோல் தெரிய வைத்தார். அதன் பின்னர் கண். இது முக்கியம் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். மிஸ் லின் எடுக்கும் படங்களில் மணமகள் மணமகனின் கண்ணைப் பார்ப்பதில்லை. அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தால் படத்தில் கண் அரைவாசி மூடியதுபோல விழுமாம். ஆகவே மணமகனின் காதைத் தாண்டி, அவருக்குப் பின்னால் படத்தின் விளிம்புக்கு வெளியே நிற்கும் உதவியாளரின் கையைப் பார்க்க வேண்டும். படத்தைக் காண்பவர்களுக்கு அவள் மணமகனையே பார்ப்பதாகத் தோன்றும். அன்று அந்தக் கை என்னுடையது. வெய்-ஹானின் பின்னால், படக் கருவிக்கு வலப்பக்கம், கையை உயர்த்தி நின்றேன்.

அக்காவுக்கு நடிக்க வராது. முகம் கடவுச்சீட்டுப் படத்தில் இருப்பதுபோல் இருந்தது. நூறு வருடம் பழகியவரைப் பார்ப்பதுபோல் பார் என்றார் மிஸ் லின். அக்கா இன்னும் விறைத்தார்.

அப்போது என் ஜக்கெற் பொக்கற்றில் அக்காவின் கைபேசி அடித்தது. கவுணில் பொக்கற் இல்லாததால் அதை என்னிடம் தந்திருந்தார். எங்களுக்குக் காலை என்றால் மன்னாரில் பின்னேரம். ஜெனோசன் அத்தான் ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் அந்த நேரத்தில்தான் அக்காவுடன் பேசுவார். அப்போது இருவருக்கும் நிச்சயம் முடிந்து, கலியாணம் ஜனவரியில் என்று பேசப்பட்டிருந்தது. அக்கா வேலையில் நிற்கிறார் என்று சொல்வதற்காக அழைப்பை ஏற்றேன். திரையில் அத்தான் தெரிந்தார். உயர்த்திய கையில் கைபேசியும் இருந்ததால், அக்காவைக் காட்டுவதற்காகத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அத்தான், "உது நிலாணியோ?" என்று கேட்டார்.

அக்கா உதட்டை அசைக்காமல், "கதையாதேங்கோ. சிரிச்சனெண்டால் மிஸ் ஏசுவா" என்றார்.

அத்தான், "சரி, கதைக்கேல்லை. உமக்குப் பின்னால ஒரு வாத்து வருது. திரும்பாதையும்" என்றார்.

அக்கா திரும்பவில்லை. அவருடைய முகம் மாறியது. எப்படி மாறியது என்று திருமதி துர்க்கா கேட்டார். பல சொற்களை யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. புகை விலகாமலே அக்கரை தெரிந்ததுபோல் இருந்தது என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மிஸ் லின்னுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஆனால் முகத்தைக் கண்டுவிட்டார். ஸ்டெபனி, அந்தக் கை அப்படியே இருக்கட்டும் என்றார். என் கை வேலையில் இருந்ததால் நெற் எறிய ஆள் இல்லை. சூ-யுன் தலையில் சுருள்களுடன், தடித்த குளிர் ஜக்கெற்றுடன் வானிலிருந்து இறங்கி ஓடிவந்து, தன் மணமகனின் எதிரே நின்ற என் அக்காவின் நெற்றை எடுத்து எறிந்துவிட்டு, குனிந்தபடி ஓடினார். நெற் மெதுவாக விரிந்து, புகையோடு சேர்ந்து நின்று, பிறகு இறங்கியது. அந்த நேரத்தில் எடுத்ததுதான் பதினான்காம் இலக்கப் படம். அதன் பின்னர் அக்கா கவுணைக் கழற்றிவிட்டு சூ-யுனின் சுருள்களை அவிழ்க்கப் போனார். சோதனைப் படங்களை மிஸ் லின் வைத்திருப்பதில்லை. இதை மட்டும் அச்சடித்து அக்காவிடம் கொடுத்தார். அம்மா அதைச் சட்டம் போட்டு வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

2024 ஜனவரியில் அக்காவுக்கும் ஜெனோசன் அத்தானுக்கும் மன்னாரில் கத்தோலிக்கக் கோவிலில் திருமணம் நடந்தது. நான் தோழியாக நின்றேன். அந்தப் படங்களைப் பற்றியும் நிராகரிப்பில் எழுதியிருக்கிறார்கள், மணமகள் மகிழ்ச்சியாக இல்லை, கணவரிடமிருந்து விலகி நிற்கிறார் என்று. விலகி நிற்க வைத்தது அங்கே படம் எடுத்தவர். இருவருக்கும் நடுவில் பூச்செண்டு முழுதாகத் தெரியவேண்டும் என்றார். பிறகு உறவினர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். அத்தானின் பெரியம்மா யோகராணி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அக்காவின் காதில், "பல்லைக் காட்டாத, பிள்ளை. பொம்பிளை நிலத்தைப் பாக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார். எல்லாப் படங்களிலும் நிலத்தைப் பார்க்கிறார். அந்த நிலத்தில் அத்தானின் சப்பாத்தும் இருந்தது, அவர் அதை மெல்லத் தட்டித் தட்டி அக்காவைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அது படத்தில் இல்லை.

அதன் பின்னர் கனடாவுக்குத் திரும்பி விண்ணப்பம் செய்தார்கள். விண்ணப்பத்துக்குக் கலியாணப் படங்களைத் தெரிந்தெடுத்தவர் அம்மா. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அக்கா வேலையில் இருந்தார். அம்மா இதைப் பின்னர் எங்களிடம் சொன்னபடி சொல்கிறேன். கோவிலில் எடுத்த படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்றிலும் அக்காவின் கண் தெரியவில்லை. அம்மாவுக்குக் கவலையாக இருந்தது. எழும்பிப் போய் மாதாவுக்குப் பக்கத்தில் இருந்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அவற்றின் நடுவில் சேர்த்தார். அதுவும் வெள்ளை உடுப்பு, அதிலும் நெற். "ஒரு படத்திலயாவது என்ர பிள்ளை சந்தோசமா இருக்கிறது அவைக்குத் தெரியவேணும் எண்டு நினைச்சன். மாப்பிள்ளைக்கு முதுகுதானே தெரியுது, ஆர் பாக்கப்போகினம்" என்றார். இதைச் சொன்ன பிறகு அம்மா அந்த அறையில் இருக்கவில்லை.

இவ்வருடம் ஆரம்பத்தில் ஜெனோசன் அத்தானைக் கொழும்புக்கு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி பதினான்காம் இலக்கப் படத்தைக் காட்டி, இந்த மனிதர் யார் என்று கேட்டிருக்கிறார். அத்தான் தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. அவர் வெய்-ஹானின் காதையும் பிடரியையும் மட்டும் கைபேசியில் கண்டவர். உங்கள் மனைவி இவரைப் பார்க்கும் விதத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டிருக்கிறார். அதற்கு அத்தான், "அவ அவரைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தவ" என்று சொல்லியிருக்கிறார். விண்ணப்பதாரர் ஒருபோதும் கனடாவுக்கு வந்ததில்லை, ஆகவே அவர் கூறுவது நம்பத்தக்கதல்ல என்று அதன் கீழே எழுதப்பட்டிருக்கிறது.

சூ-யுனும் வெய்-ஹானும் இப்போது தாய்வானில் இருக்கிறார்கள். சட்டத்தரணி அவர்களுக்கு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. அன்று காலை அழைப்பு வந்ததற்கான பதிவு கைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. அழைப்பில் யார் யாரைப் பார்த்தார் என்பதற்குப் பதிவு இல்லை.

அக்கா இப்போதும் அதே ஸ்டூடியோவில் மணமகள்களுக்கு ஒப்பனை செய்கிறார். வெளிச்சம் பார்க்க நிற்கும்படி கேட்டால் வேறு யாரையாவது நிற்கச் சொல்கிறார். வீட்டில் காலையில் அத்தானுடன் பேசும்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த மேன்முறையீடும் தள்ளப்பட்டால் தான் மன்னாருக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா ஐந்து வயதில் இங்கே வந்தவர்.

முடிவாகத் திருமதி துர்க்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். படம் எடுக்கப்பட்ட கணத்தில் கைபேசித் திரையில் ஜெனோசனின் முகம் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேனா என்பது அந்தக் கேள்வி. கண்டேன் என்று சொல்ல விரும்பினேன். ஆனால் சத்தியம் செய்திருப்பதால் உள்ளதைச் சொல்கிறேன். அழைப்பு வந்தபோது அவரைக் கண்டேன். அதன் பின்னர் அவருடைய குரலைக் கேட்டேன். படம் எடுக்கப்பட்டபோது திரை அக்காவின் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது கைபேசியின் முதுகும், அதற்கு அப்பால் அக்காவின் முகமும்தான். அத்தான் அங்கே இருந்தார் என்பதை நான் அக்காவின் முகத்தில் கண்டேன். அதிகாரியிடம் இருப்பதும் அதே முகம்தான். அந்த முகத்தின் எதிரே கையை உயர்த்தி நின்றவள் நான். அது யாருக்கான முகம் என்று எனக்குத் தெரியும்.

இதில் உள்ளவை யாவும் நான் என் வாயால் சொன்னவை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை வாசித்தேன். நான் அறிந்தவரை இவை உண்மை, அறியாததை அறியேன் என்றே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) யோ. ஸ்டெபனி

வாசித்தேன். பிள்ளை சொன்னது சரி. படத்தை வைத்தது நான்.

(ஒப்பம்) எமில்டா யோசப், தாயார்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.

(ஒப்பம்) துர்க்கா மகேஸ்வரன்