காட்சிக்கு வைத்த அடுப்பு

எனக்கு ரொட்டி சூடாக இருக்க வேண்டும், ஐயா. ஆறிய ரொட்டியை மென்றால் கோபம் வரும். மற்றபடி நான் சாதுவானவன். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹந்தானை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து நூதனசாலைக்கு ஆறு வருடமாக நான்தான் காவலாளி. தொழிலாளர் குடும்பங்கள் இருந்த பழைய லயக் காம்பரா ஒன்றை அங்கே அப்படியே வைத்திருக்கிறோம். அடுப்புக்கு மேலே, 'இங்கே குடும்பங்கள் சமைத்து உண்டன' என்று பலகை. அடுப்போ ஜில்லென்று கிடந்தது. பொய்ப் பலகைக்குக் காவல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டினேன். வந்தவர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, 'உண்மையான லயம் போலவே இருக்கிறது' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்கள். நீங்களே வாசித்துப் பாருங்கள்.

மலையில் விறகு எப்போதும் ஈரம். பற்றவைக்கக் காகிதம் வேண்டும். பத்திரிகைகள் தீர்ந்தன, துண்டுப்பிரசுரங்கள் தீர்ந்தன. பிறகுதான் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பதிவேடு. நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. காட்சிக்குத் திறந்திருந்த இரண்டு பக்கங்களை நான் தொடவே இல்லை. யாரும் பார்க்காத பக்கங்களைத்தான் எடுத்தேன். புத்தகம் மெலிந்து தெரியக்கூடாது என்று அடியில் ஒரு பலகைத் துண்டும் வைத்தேன்.

சென்ற செவ்வாய் நாவலப்பிட்டியிலிருந்து மதலேனா டீச்சர் மழையில் நனைந்து வந்தார்.

"எங்க பூட்டன் பிலவேந்திரன் பேரு அதுல இருக்காம். எந்த ஊர்லருந்து வந்தாருன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அது ஒண்ணத் தெரிஞ்சிக்கிட்டாப் போதும்" என்றார்.

"மொதல்ல சூடா ஒரு ரொட்டி சாப்பிடுங்க டீச்சர். பதிவேடு எங்க ஓடப் போகுது?" என்று முன்னறைக் கதிரையில் உட்காரவைத்தேன்.

ரொட்டி ஒரு பக்கம் வெந்ததும் அடுப்பு அணையப் பார்த்தது. பதிவேட்டிலிருந்து கிழித்ததில் மிஞ்சியிருந்த தாளைச் செருகினேன். பற்றிய பிறகுதான் வாசித்தேன்: பிலவேந்திரன். ஊர்ப் பெயரை நோக்கி நெருப்பு நகர்ந்துகொண்டிருந்தது. இழுத்திருக்கலாம். ரொட்டியின் மறுபக்கம் வேகவில்லை.

டீச்சர் கட்டச் சம்பலோடு மூன்று சாப்பிட்டார். "இப்பிடி ஒரு ரொட்டி சாப்புட்டு எத்தன வருசமாச்சு" என்று கண்கலங்கினார். எனக்கும் மனம் நிறைந்தது. பிறகு அவர் பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கத்துக்கு அடியில் பலகையைக் கண்டார்.

பழைய பொருளை உரிய குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பிலவேந்திரனை ரொட்டியாகச் சுட்டு அவருடைய வம்சத்திடமே ஒப்படைத்தேன்; கையெழுத்து வாங்க மறந்ததுதான், ஐயா, நான் செய்த ஒரே குற்றம்.