இருபத்தி மூணாவது விமானம்

அந்த நாற்காலி வேணாம்மா, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. இங்கேருந்து பாத்தாத்தான் திரை நேராத் தெரியும். பஸ்லயா வந்தீங்க? ரெண்டு பஸ் மாறணுமே. போன்ல பேசினப்பவே போட்டோவக் கொண்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து குடுத்திருப்பேன். சரி, நீங்க நேர்ல வரணும்னு நெனச்சீங்க, வந்துட்டீங்க. அதுவும் நல்லதுதான்.

வீட்டுல வேற யாரும் இல்ல. என் வீட்டுக்காரி அவ தங்கச்சியப் பாக்கப் போயிருக்கா. நான்தான் போயிட்டு வான்னு அனுப்பினேன். சாயங்காலம் வந்துடுவா.

போட்டோவெல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஒண்ணு கூட அழிக்கல. கம்ப்யூட்டர் பழசு, எழுந்து உக்காரக் கொஞ்ச நேரம் எடுக்கும். உங்க பொண்ணோட மெயில்ல என் பேரப் பாத்திருப்பீங்க, அவ்வளவுதானே என்னப் பத்தித் தெரியும். ஏதோ இருபத்தஞ்சு வயசுப் பையன் கதவத் திறப்பான்னு நெனச்சிருப்பீங்க.

நான் பல் செட் பண்றவன். டாக்டர் இல்லம்மா, டாக்டருக்கும் கீழ. அவரு வாயில அச்சு எடுத்து அனுப்புவாரு, நான் லேப்ல உக்காந்து பல்லு கட்டி அனுப்புவேன். முப்பத்தோரு வருஷமா இதே வேலைதான். யாரோட வாய்னு தெரியாது. ஆளப் பாத்ததே கிடையாது. அச்சப் பாத்தே இவரு பல்லக் கடிச்சுக்கிட்டுத் தூங்குறவரு, இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுறவங்கன்னு சொல்லிடுவேன். ஒரு முடி கனம் பிசகினாலும் திரும்பி வந்துடும். என் கைவேலை திரும்பி வராது. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு. உண்டுன்னா, இருந்துச்சு.

ஆங், வந்துடுச்சு பாருங்க. நெட்ல இதான் என் பக்கம். மேல எழுதியிருக்கா, கிடைக்கும் விமானங்கள்னு? இந்த லிஸ்டுதான். கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுறது. விளையாட்டுன்னு சொன்னா எங்காளுங்களுக்குக் கோவம் வந்துடும், சிமுலேட்டர்னு சொல்லணும். வானம், காத்து, மழை, ரன்வே எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். விமானம் மட்டும் பத்தோ பன்னெண்டோதான் குடுப்பாங்க. மீதிய எங்கள மாதிரி வேற பொழப்பு இல்லாத ஆளுங்க வீட்டுல உக்காந்து செஞ்சு போடுவோம். யாரு வேணாலும் எறக்கி வச்சு ஓட்டிக்கலாம். காசு பணம் ஒண்ணும் கிடையாது.

இது தண்ணியில எறங்குறது. இது வயலுக்கு மருந்து தெளிக்கிறது, ஒத்த சீட்டு. இது பழைய தபால் விமானம். இதோட கதவு சரியா மூடாது. நிஜ விமானத்துலயும் மூடாதாம், அதனால நானும் மூடாமயே விட்டுட்டேன். அதுக்கே ஆளாளுக்குப் பாராட்டி எழுதினாங்க. நான் நிஜத்துல ரெண்டே தடவதான் விமானத்துல போயிருக்கேன். ரெண்டு தடவையும் ஜன்னல் சீட்டு கெடைக்கல.

இதான் இருபத்தி மூணாவது. ஆமா, இதான் அவ பைலட் ஸ்கூல் விமானம். வெள்ளையில நீலக் கோடு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மெயில் வந்துச்சு. ஐயா, உங்க லிஸ்ட மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ பாத்துட்டேன், நாங்க பழகுற விமானம் மட்டும் இல்ல, செஞ்சு குடுப்பீங்களான்னு. நான் முடியாதுன்னுதான் எழுதினேன். அது ரொம்பப் பழைய விமானம், சரியான வரைபடம் எங்கயும் கெடைக்கல. என்னென்ன வேணும்னு சொல்லுங்க, நான் போட்டோ எடுத்து அனுப்புறேன்னு எழுதினா. விட்டுடுற ஆளு இல்லையே அவ. உங்களுக்குத் தெரியாததா.

இருநூத்திப் பதினாலு போட்டோம்மா. சீட்டுத் தையல் கூட விடல. ஸ்கேல் வச்சு எடுன்னு சொன்னேன், எனக்கு அளவு வேணுமே. ஸ்கேல் இல்ல ஐயா, என் கட்டைவிரல வச்சு எடுக்கிறேன், விரல் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து சொல்லிடுறேன்னா. பத்தொம்பது. அதான் எல்லாப் படத்துலயும் அந்த விரல் இருக்கும். பாருங்க, இதுல இருக்கா. இதுலயும். மொத்த விமானத்தையும் அந்தப் பத்தொம்பது மில்லிமீட்டர வச்சுத்தான் நான் அளந்தேன். அவ மொகத்த நான் பேப்பர்லதான் மொதல்ல பாத்தேன். விரல் மட்டும் நல்லாத் தெரியும். நகத்துக்குக் கீழ ஒரு தழும்பு இருக்குமே.

டின் மூடி கிழிச்சதா. எத்தன வயசுல? ஏழா.

பாருங்கம்மா, நிதானமாப் பாருங்க. இந்த பட்டன அமுக்கினா அடுத்தது வரும். அவசரமே இல்ல.

இல்ல, இன்னும் கொஞ்சம் சொல்லணும். பாத்துக்கிட்டே கேளுங்க.

எட்டு மாசம் ஆச்சு செஞ்சு முடிக்க. லிஸ்டுல போட்ட அன்னைக்கு அவதான் மொதல்ல எறக்கினா. அச்சு அசல் ஐயா, பெட்ரோல் நாத்தம் மட்டுந்தான் இல்லன்னு எழுதினா. அவ கூடப் படிக்கிறவங்க எல்லாருக்கும் சொன்னா. எனக்கு அன்னைக்கு லேப்ல கையே ஓடல. அம்பத்தி நாலு வயசுல ஒருத்தன் இதுக்கெல்லாம் குதிப்பானா. ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

அப்புறம் கேட்டா, ஐயா, பறக்கும்போதே எஞ்சின் நின்னு போற மாதிரி வைக்க முடியுமா, பழகணும்னு. வச்சுக் குடுத்தேன். ரெக்கைக்கு ஒண்ணா ரெண்டு டேங்க். ஒண்ணுல பெட்ரோல் தீந்தா எஞ்சின் நின்னுடும். சீட்டுக்குக் கீழ ஒரு வால்வு, அதத் திருப்பி இன்னொரு டேங்குக்கு மாத்தினா மறுபடி புடிச்சுக்கும். அவ்வளவுதான் வித்தை. மவுஸால அமுக்கிப் பழகி என்ன பிரயோஜனம், கைக்குத் தெரிய வேணாமா. அதனால ஒரு கைப்புடி செஞ்சு தபால்ல அனுப்பினேன். பல் செட்டுக்கு ஈறு கட்டுற பொருள்லயே வார்த்தது.

ஆமா, அந்த ரோஸ் கலர் புடிதான். அது என்னன்னு தெரியாமயா இருந்தீங்க? மேசைக்குக் கீழ மாட்டி வச்சிருந்தாளா. இப்பவும் அங்கயேதான் இருக்கா. சரி.

தெனமும் சாயங்காலம் பழகுவா. பழகிட்டு எனக்கு ஒரு வரி எழுதுவா. இன்னைக்குப் பதினோரு செகண்ட். இன்னைக்கு ஒம்போது. நான்தான் சொன்னேன், பாத்துத் திருப்பாத, கண்ண மூடிக்கிட்டுத் திருப்பு, பதட்டத்துல கண்ணு வேல செய்யாது, கைதான் செய்யும்னு. கடைசியில ஆறு செகண்டுக்கு வந்துட்டா. சபாஷ்னு எழுதினேன்.

ஸ்கூல்ல அது பழக வாய்ப்பில்லம்மா. சின்னச் சின்ன சுத்துதான் போவாங்க, ஒரு டேங்கே போதும். வால்வு வாத்தியார் பக்கம் இருக்கும். தரையில வச்சு அவருதான் தொடுவாரு. ஆகாசத்துல மாத்த வேண்டிய வேலையே வராது. தனியா தூரமாப் போனாத்தான் வரும். அவ தனியா தூரமாப் போனது அந்த ஒரு தடவதான்.

மொத நாளு எழுதினா, நாளைக்குப் போறேன் ஐயான்னு. நல்லபடியாப் போயிட்டு வாம்மான்னு பதில் போட்டேன்.

விபத்து ரிப்போர்ட் வந்து எட்டு மாசம் ஆகுது இல்ல. நானும் படிச்சேன். பெட்ரோல் வால்வு அடைச்ச நெலையில இருந்ததுன்னு ஒரு வரி. ஓட்டினவரோட கவனக் குறைவுன்னு கீழ ஒரு வரி. ஸ்கூல்காரங்களும் அதையேதான் சொன்னாங்களா. உங்க கொழுந்தனாரு கூடவா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு. வீட்டுக்குள்ளயே ஒருத்தரு அப்படிச் சொன்னா என்ன பண்றது.

எனக்கு அப்போ அழுகையெல்லாம் வரலம்மா. இப்பவும் வரல. அடுத்த நாள் லேப்புக்குப் போயி நாலு செட் பல்லு கட்டினேன். நாலும் கச்சிதமாப் பொருந்திடுச்சு. சாப்புடுறேன், தூங்குறேன். வீட்டுக்காரி கேக்குறா, ஏன் இப்பல்லாம் விமானமே செய்யறதில்லன்னு. கண்ணு சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன். ஊசி போட்ட வாய் மாதிரிதான் இருக்கு. பல்லப் புடுங்கினது தெரியுது, வலி தெரியல.

பாத்து முடிச்சாச்சா. எல்லாத்தையும் இந்தப் பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க. மொத ஃபோல்டர்ல போட்டோ. ரெண்டாவதுல அவ எனக்கு எழுதின மெயில் அத்தனையும். மூணாவதா?

அது அந்த விமானந்தாம்மா. அவ வச்சிருந்தது. இப்ப லிஸ்டுல கெடைக்கிறது வேற, அது நான் பின்னாடி திருத்திப் போட்டது.

நூத்தி அறுபத்தி ஏழாவது போட்டோவ மறுபடி எடுங்க. இருட்டா இருக்கா. சீட்டுக்குக் கீழ கை விட்டு எடுத்தது, வெளிச்சம் வரல. அதான் வால்வு. விரல் தெரியுது, எழுத்து தெரியல. முன்பக்கம் திருப்பினா வலது டேங்கா, பின்பக்கம் திருப்பினா வலது டேங்கான்னு அதுல கண்டுபுடிக்க முடியல. இன்னொரு படம் எடுத்து அனுப்புன்னு ஒரு வரி எழுதியிருந்தா அடுத்த நாளே அனுப்பியிருப்பா. நான் எழுதல. இருநூத்திப் பதிமூணு சரியா இருக்கு, இது ஒண்ணு என்ன பெருசுன்னு நானே யூகிச்சு வச்சேன். நடுவுல இடது டேங்க், பின்பக்கம் திருப்பினா வலது டேங்க், முன்பக்கம் திருப்பினா மொத்தமா அடைப்பு. கைப்புடியும் அப்படித்தான் செஞ்சு அனுப்பினேன்.

நிஜ விமானத்துல நேர்மாறும்மா. முன்பக்கந்தான் டேங்க். பின்பக்கம் திருப்பினா அடைச்சுக்கும்.

இல்ல, உக்காருங்க, இதையும் கேட்டுட்டுப் போங்க. எனக்குத் தெரியாமப் போச்சுன்னு சொல்லிட முடியாது. அவ பறக்குறதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒருத்தரு எழுதினாரு, ரிட்டயரான மெக்கானிக்கு, அந்த விமானத்தக் கழட்டி மாட்டினவரு. தம்பி, எல்லாம் பிரமாதம், வால்வு மட்டும் மாத்தி வச்சிருக்க, பாத்துக்கன்னு. படிச்சேன். அன்னைக்கே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அச்சு அசல்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காளே, இப்போ போயி தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. அடுத்த தடவ புதுசாப் போடும்போது சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்னு விட்டேன். அந்த மூணு வாரமும் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா, ஜன்னல் கண்ணாடியில வெயில் மின்னுறது சரியா விழலன்னு அதத் தீட்டிக்கிட்டிருந்தேன்.

ரிப்போர்ட் படிச்ச அன்னைக்கு சாயங்காலமே வால்வ மாத்திப் போட்டுட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. என்ன மாத்தினோம்னு கீழ எழுதணும், அது எங்க வழக்கம். பாருங்க, இன்னும் இருக்கு. சின்னச் சின்னத் திருத்தங்கள்.

மெக்கானிக்கு எழுதின மெயிலும் அந்தப் பென் டிரைவ்லயே இருக்கு. நடந்தத என் கையெழுத்துல ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்தக் கவருக்குள்ள வச்சிருக்கேன். விசாரிச்ச ஆபீஸ்ல குடுங்க. நானே அனுப்பியிருக்கணும். தெனமும் பையில வச்சு எடுத்துக்கிட்டுப் போயி, தெனமும் திருப்பிக் கொண்டு வந்தேன். அங்க குடுக்குறதுக்கு முன்னாடி உங்க கொழுந்தனாருகிட்டப் படிச்சுக் காட்டுங்க. அந்தப் புள்ள பதட்டப்படவே இல்லம்மா. சொன்ன பக்கம்தான் அவ கை போயிருக்கு, சொல்லிக் குடுத்த ஆளு நானு.

வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. வந்ததும் சொல்லிடுறேன். ஆபீஸ்லேருந்து யாராவது கேட்டா வேலைநாள்ல லேப்ல இருப்பேன், மத்த நாள்ல இங்கதான் இருப்பேன்னு சொல்லுங்க.