கயித்தான் உண்ட அரை நெவ்ரி

அவைக்குத் தலைமையேற்று அன்பே வடிவாய் அமர்ந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அருட்தந்தை ஹிலாரியோ அவர்களே! மன்றத்தை மடியில் வைத்து வளர்த்த மூத்தோர்களே! மார்கழிக் குளிரிலும் அடுப்பு முன் நின்று வெந்து, ஊர் நாவையெல்லாம் இனிக்க வைத்த தாய்மார்களே! திருமணமாகாத தெம்பில் திடலை அதிரவைக்கும் தம்பியரே! திருமணமாகியும் பந்தைக் கைவிடாத என் இனத்தவரே! உங்கள் ஆட்டங்களுக்கெல்லாம் நடுவராய் விசில் ஊதுகிறவன், இன்று விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, நெஞ்சாரச் சொல்கிறேன், வணக்கம்!

பண்டிகை நாளில் வயிற்றையும் வாழ்வையும் காப்பது பற்றிப் பேசச் சொன்னார் தந்தை. பேச எனக்கு என்ன தகுதி? ... யாரது பின்வரிசையில்? "தொந்திதான் தகுதி" என்கிறாயா? மறுக்கவில்லை தம்பி, மறைக்கவும் முடியவில்லை! ஆகவே என்னைப் பற்றிப் பேசப் போவதில்லை. நான் கண்டு மலைத்த இருவரைப் பற்றிப் பேசுகிறேன். கயித்தான், தலையைக் குனியாதீர்! எஸ்பெரான்சா அம்மா, எழுந்து போய்விடாதீர்கள்!

சென்ற கிறிஸ்துமஸ் பிற்பகல். மணமானவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் நடக்கும் நம் பந்தாட்டம். மணமானவர் அணியின் கோல்கீப்பர் நம் கயித்தான். காலையிலிருந்து எத்தனை வாசல்! எத்தனை தட்டு! ஒரு வீட்டில் பன்றிக்கறி சோர்பொத்தேல், ஒரு வீட்டில் சுடச்சுடச் சன்னா இட்லி, ஒரு வீட்டில் அடுக்கடுக்காய்ப் பெபிங்கா கேக், வழியெல்லாம் முந்திரிச் சாராயம் பெனி! அத்தனையும் சுமந்து வந்து நின்றார் மனிதர். பந்து வரவில்லை. எவரும் மோதவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்தார். விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதத்தான் மூச்சு வரவில்லை.

மட்காவ் மருத்துவமனையில் உயிர் திரும்பியது. இதயத்தில் அடைப்பு, இரத்தத்தில் சர்க்கரை. "இன்னொரு கிறிஸ்துமஸை இப்படிக் கொண்டாடினா உடம்பு தாங்காது" என்றார் மருத்துவர்.

அதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சோர்பொத்தேல் இல்லாத கிறிஸ்துமஸா? அதுக்கு என்னைப் புதைச்சிடுங்க டாக்டர்!"

அறையே சிரித்தது. ஒருத்தி சிரிக்கவில்லை. அவர் மனைவி எஸ்பெரான்சா.

தாய்மார்களே, நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அழுதிருப்பீர்களா? அலமாரியைப் பூட்டியிருப்பீர்களா? இந்த அம்மையார் வீடு வந்து சேர்ந்ததும் சொன்னார்: "இந்த வீட்ல எந்தப் பலகாரம் செய்யறதும் நிக்காது. ஆனா உன் தட்டுல எவ்வளவோ, அவ்வளவுதான் என் தட்டுலயும். நீ நடந்தா நானும் நடப்பேன். நீ உக்காந்தா நானும் உக்காந்துடுவேன். என்னை என்ன பண்றதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

சொன்னவர் யார்? தோதோல் கிண்டுவதில் இந்த வட்டாரத்திலேயே நிகரில்லாதவர்! தேங்காய்ப்பாலும் கருவெல்லமும் கொதிக்கக் கொதிக்க, கை ஓயும்வரை இந்த மார்கழியிலும் கிண்டினார். தெருவே மணந்தது. நான் அங்கே நின்றேன். கரண்டியைப் பக்கத்து வீட்டு ஜூலியானாவிடம் நீட்டினார். "பதம் வந்துடுச்சா பாரு. எனக்குப் பண்டிகையன்னிக்கு, அவரோட." வெல்லம் வழியும் கரண்டி கையில், விரல்நுனி அளவும் வாய்க்குப் போகவில்லை. அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது ஐயா!

நடந்தார்கள். மருத்துவர் சொன்ன அளவில் முதலில் சிற்றாலயம் வரை, இளைப்பாறித் திரும்பினார்கள். மழை ஓய்ந்தபின் மலைச்சிலுவை வரை. மதுக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்: "என்னப்பா கயித்தான், பொண்டாட்டி நாயைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போறா?"

"ஆமாண்டா, நாய்தான். ஆனா குரைக்கிறது எல்லாம் பெஞ்சுல உக்காந்திருக்கு!"

... சிரிக்கிறீர்கள். கேட்டவரும் இங்கேதான் இருக்கிறார், அவரும் சிரிக்கட்டும்.

வந்தது இந்தக் கிறிஸ்துமஸ். நண்பகல் விருந்து, கயித்தானின் அண்ணன் மிங்கேல் வீட்டில். கப்பலிலிருந்து விடுப்பில் வந்த அண்ணன். ஆண்டெல்லாம் கடலில் தனியே உண்டவர். அன்பை எதில் காட்டுவார்? தட்டில்தான்! மலைபோல் குவித்தார். தம்பி கையால் தடுத்தார். அண்ணன் முகம் கறுத்தது.

"என்னடா, என் வீட்டுச் சாப்பாடு விஷமா? மறுபடி எப்ப வருவேனோ! தின்னுடா!"

நாமாயிருந்தால் என்ன செய்வோம்? அண்ணன் மனம் நோகக்கூடாதென்று அள்ளி விழுங்கியிருப்போம். கயித்தான் எழுந்தார், அண்ணனைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, நீ அடுத்த தடவை வர்றப்பவும் நான் இங்க இருக்கணும்ணே. அதுக்குத்தான் கொஞ்சமா சாப்பிடுறேன்."

எஸ்பெரான்சா செய்தனுப்பிய நெவ்ரி, தேங்காய்ப் பூரணம் பொதிந்த அந்தப் பிறை வடிவப் பலகாரம், மேசையில் இருந்தது. ஒன்றை எடுத்தார், இரண்டாய் உடைத்தார், பாதியை மனைவிக்குக் கொடுத்தார். மீதியைக் கண்மூடி மென்றார். மெல்ல மெல்ல மென்றார்.

"எஸ்பெரான்சா... இதுல ஏலக்காய் போடுவியா?"

"கல்யாணமான நாள்லேருந்து போடுறேன், மனுஷா!"

வீடே அதிரச் சிரித்தது. மிங்கேல் மட்டும் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமக்களே! பேருண்டி உண்டோரைப் பார்த்திருக்கிறேன். பட்டினி கிடந்தோரைப் பார்த்திருக்கிறேன். உணவை இப்படி வணங்கி உண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்!

மாலை ஆட்டத்தில், மருத்துவர் அனுமதியோடு, கடைசிச் சில நிமிடம் கோல் முன் நின்றார். தம்பியருக்குப் பெனால்டி. பாய்ந்தார். பந்து விரலுக்கு அப்பால் போய் வலையில் விழுந்தது. தோற்றோம்! ஆனால் விழுந்தவர் தானே எழுந்தார், மண்ணைத் தட்டினார், "நல்லா அடிச்சேடா!" என்றார். கோல் போட்ட பிள்ளையே ஓடிவந்து அவரைத் தூக்கினான்.

மறுநாள் மாலை இருவரும் வழக்கம்போல் நடக்கக் கிளம்பினார்கள். வாசலில் மிங்கேல், கப்பலில் போடும் காலணியோடு. "நானும் வரேன்டா. மெதுவா நட." அவருக்குப் பின்னால் பந்தாட்டத் தம்பியர். அவர்களுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, நான்! மலைச்சிலுவையின் கீழே அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் அமர்ந்து கடலைப் பார்த்தார்கள்.

உண்பதா வேண்டாமா என்பதா கேள்வி? இல்லை! யாரோடு உண்கிறோம், யாருக்காக நிறுத்துகிறோம் என்பதே கேள்வி! நம்மை அடுத்த கிறிஸ்துமஸிலும் காண விரும்பும் கண்கள் இருக்கின்றன. அந்தக் கண்களுக்காக ஒரு கவளம் குறைப்போம்! அந்தக் கண்களோடு ஒரு மலை ஏறுவோம்!

என் பேச்சைப் பசியோடும் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அடுத்த அறையில் விருந்து தயார். அமர்ந்து, சுவைத்து, அளவோடு உண்ணுங்கள். நாளை மாலை மலையடிவாரத்தில் சந்திப்போம். வணக்கம்!