மைக்கனின் உப்பு டப்பா

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ரொட்டி கொண்டுபோகும் முறை எனக்கு வந்தால் கடையில் வாங்கமாட்டேன். வீட்டிலேயே சுட்டு எடுத்துப்போவேன். ஓர்ஹூஸ் நகரில் எங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரொட்டி முறை யாருக்கோ, அவரே அந்த வாரத்து உப்புக் கரைசலையும், பெயர் எழுதிய புட்டிகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலக்கிவைப்பார். அடுத்தவர் கலக்கியதை இங்கே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

விசாரணைக் குழுவில் நீங்கள் யாரும் எங்கள் துறை இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமான டி.என்.ஏ. இழை ஒன்றை, சின்னச் சின்ன இழைத் துண்டுகளால் அங்கங்கே பிடித்துக் கட்டிப் பெட்டியாக மடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பெட்டி. என்றாவது அதற்குள் மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்பலாம் என்று ஆசை. இழைகளோ ஒன்றையொன்று தள்ளுகிறவை. கரைசலில் மெக்னீசியம் உப்பு இருந்தால்தான் அடங்கி நிற்கும். இல்லையென்றால் வெறும் நூல்சிக்கல்தான்.

என்னோடு வேலை பார்த்த மைக்கனின் பெட்டிக்கு மூடி இருந்தது. சொன்ன இடத்தில் திறந்தது. என்னுடையது திறக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர வேலை. ஆனாலும் முதல் தடவை நடந்தது பொறாமையால் அல்ல. வீட்டில் பிசைந்து வைத்த மாவு புளித்துவிடுமே என்ற நினைப்பிலேயே அவசரமாகக் கலக்கினேன். கடைசிப் புட்டி அவளுடையது. அதற்கு மெக்னீசியம் போட மறந்துபோனேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் தன் பெட்டியின் நுண்ணோக்கிப் படத்தைத் திரையில் போட்டாள். பேராசிரியர் பிரேபென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்ன மைக்கன், பெட்டி கேட்டா நூடுல்ஸ் பண்ணி வெச்சிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஆஸ்கெர், மெக்னீசியம் போட்டேல்ல?"

சரியான கேள்வி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் முன்னால் மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"போட்டேனே," என்றேன்.

அடுத்த வார முறையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சரியாகப் போட்டால் அவள் பெட்டி வந்துவிடும், என் பொய் வெளியே வந்துவிடும். அதனால் போடவில்லை. பிறகு எல்லோருடைய கரைசல் முறையையும் நானே ஏற்றுக்கொண்டேன். நல்ல மனசு என்றார்கள். ஒருமுறை அவளே கலக்கிப் பார்த்தாள். அதற்குள் அவள் அலமாரியில் இருந்த மெக்னீசியம் டப்பாவில் சமையல் உப்பை நிரப்பியிருந்தேன். நீங்கள் கண்டெடுத்தது அந்த டப்பாதான்.

ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் ரை ரொட்டியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல அளவெல்லாம் தப்பும். அப்புறம் கை நடுங்கும்."

பரம்பரை நரம்பு நோய். பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடேன்," என்றேன்.

"எதுக்கு? அதான் கையே சொல்லுதே."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் நடுக்கமே இல்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

வேலையை விட்டாள். கூட வாழ்ந்தவனை அனுப்பிவிட்டாள். வயிற்றில் இருந்ததையும், இந்த நோய் அதற்கும் வேண்டாம் என்று கலைத்துவிட்டாள். மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப்போனவன் நான். திரும்பும் வழியில், "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ," என்றாள். கூனிக் குறுகிப்போனேன். வண்டியை நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மைக்கனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். வடகோடியில், ஸ்காகெனில் தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நான்தான் போய்ப் பார்க்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்கென்று இருப்பது நான் ஒருவன்தான்.